மெய்நிகர் மனிதரின் பாதம் ஏன் வழுக்குகிறது?

கணினியில் உருவாக்கிய ஒரு மனிதர் திரையில் நடந்து போகும்போது, முகத்தை விட்டுவிட்டுப் பாதத்தை மட்டும் கவனித்துப் பாருங்கள். தரையில் ஊன்றிய கால், அடுத்த அடி வைக்கும்வரை ஊன்றிய இடத்திலேயே நிற்க வேண்டும். பல நேரம் அப்படி நிற்பதில்லை. லேசாக முன்னே போகும், அல்லது பக்கவாட்டில் நழுவும். ஓரிரு சென்டிமீட்டர்தான், ஆனாலும் பார்ப்பவருக்கு 'என்னவோ சரியில்லையே' என்று தோன்றிவிடுகிறது. இத்தனைக்கும் அந்த நடை கற்பனையாக வரைந்தது கிடையாது. உண்மையான ஒருவரை ஆய்வகத்தில் நடக்கவைத்து, மில்லிமீட்டர் அளவுத் துல்லியமுள்ள கேமராக்களால் பதிவு செய்து, அந்த உருவத்துக்குக் கொடுத்திருப்பார்கள். பதிவு அவ்வளவு துல்லியம் என்றால் வழுக்கல் எங்கிருந்து வந்தது?

இப்படி அசைவைப் பதிவு செய்வதுதான் மோஷன் கேப்சர். அந்தப் பெயரைக் கேட்டதும், ஒருவரின் அசைவு அப்படியே கணினிக்குள் போய்விடுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். உள்ளே போவது, உடையின் மேல் ஒட்டிய சில டஜன் புள்ளிகளின் இருப்பிடம் மட்டும். எலும்பு எங்கே, மூட்டு எங்கே, தசை எப்படிப் புடைத்தது, உடல் எடை எந்தக் காலில் இருந்தது என்பதெல்லாம் அந்தப் புள்ளிகளிலிருந்து கணக்கிட்டு எடுப்பவை. வெளிப்படையாகச் சொன்னால், ஊகம். இந்தத் துறையில் பல்கலைக்கழகங்கள் செய்துவரும் ஆராய்ச்சியில் பெரும்பகுதி அந்த ஊகத்தைத் திருத்தும் வேலைதான். மெய்நிகர் மனிதர்கள் எங்கே நம்பவைக்கிறார்கள், எங்கே சறுக்குகிறார்கள் என்பது இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் புரிகிறது.

புள்ளிகளால் மனித அசைவைப் பிடிக்கலாம் என்ற யோசனை கணினியைவிடப் பழையது. 1880களில் பிரெஞ்சு உடலியல் அறிஞர் எட்டியென்-ஜூல் மாரே, ஆட்களுக்குக் கறுப்பு உடை மாட்டி, கை கால் நெடுக வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் வைத்து, கறுப்புப் பின்னணியில் நடக்கவிட்டு ஒரே தட்டில் பல முறை படம் எடுத்தார். உடம்பு மறைந்து, அசைவு மட்டும் கோடுகளாக நின்றது. ஏறக்குறைய 90 ஆண்டு கழித்து, 1973ல், ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக உளவியலாளர் குன்னர் யோஹான்சன் இதை வேறு பக்கத்திலிருந்து பிடித்தார். ஒருவரின் முக்கிய மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் வைத்து, இருட்டில் படமெடுத்தார். மொத்தம் 10, 12 புள்ளிகள். அவை அசையாமல் இருந்தபோது பார்வையாளர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அசைய ஆரம்பித்ததும் 'யாரோ நடக்கிறார்' என்று உடனே சொல்லிவிட்டார்கள். ஒரு விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே போதும் என்று அவர் பின்னர் காட்டினார். 1977ல் ஜேம்ஸ் கட்டிங்கும் லின் கோஸ்லோவ்ஸ்கியும் இன்னும் ஒரு படி போனார்கள். வெறும் புள்ளிகளாகத் தெரியும் நடையை வைத்து, நண்பர்கள் ஒருவரையொருவர் ஓரளவுக்கு அடையாளம் கண்டார்கள். சும்மா குத்துமதிப்பாகச் சொன்னால் வரக்கூடியதைவிடக் கணிசமாக அதிகம்.

இந்தத் துறைக்கு வேண்டிய அடிப்படை நியாயம் யோஹான்சனிடம்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பன்னிரண்டு புள்ளி போதும் என்று அவர் காட்டியதால்தான் புள்ளிகளைப் பதிவு செய்வதில் அர்த்தம் இருக்கிறது. அதே சமயம், பன்னிரண்டு புள்ளியில் மனிதரைக் கண்டுபிடிக்கும் கண், அதே கூர்மையோடு பிசகையும் கண்டுபிடித்துவிடும்.

சரி, ஆய்வகத்துக்குள் போவோம். பொதுச் சொத்தாகக் கிடைக்கும் அசைவுத் தொகுப்புகளில் மிகவும் புழங்குவது, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் பதிவு செய்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். ஆளுக்குக் கறுப்பு உடை, அதன் மேல் 41 மார்க்கர்கள். மார்க்கர் என்பது ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் சிறிய உருண்டை. சுற்றிலும் 12 அகச்சிவப்புக் கேமராக்கள், விநாடிக்கு 120 படம். ஒவ்வொரு கேமராவுக்கும் தெரிவது இருட்டில் சில வெள்ளைப் பொட்டுகள், அவ்வளவே. இரண்டு கேமராக்களாவது ஒரே பொட்டைப் பார்த்தால்தான் அது அறையில் எங்கே இருக்கிறது என்று கணக்கிட முடியும்.

முதலில் ஆளை இரு கையையும் பக்கவாட்டில் நீட்டி நிற்கச் சொல்வார்கள். எது தோள், எது முழங்கை, எது மணிக்கட்டு என்று மென்பொருளுக்குப் பெயர் சொல்லிக் கொடுக்கும் கட்டம் இது. அப்புறம் அவர் நடக்கிறார், உட்காருகிறார், நெஞ்சுக்குக் குறுக்கே கை கட்டுகிறார். கை கட்டிய கணத்தில் சிக்கல் ஆரம்பம். முன்கை மார்க்கர்கள் சில உடம்புக்குள் மறைந்துவிடும். இடது மணிக்கட்டு வலது முழங்கைக்கு மிக அருகே வரும். கையை எடுத்ததும் எந்தப் பொட்டு எது என்று மென்பொருளுக்குக் குழம்பி, இரண்டின் பெயரும் இடம் மாறிவிடலாம். திரையில் எலும்புக்கூட்டின் கை ஒரு ஃபிரேமில் முறுக்கிக்கொண்டு, அடுத்த ஃபிரேமில் நேராகும். பெயரைத் திருத்த வேண்டும். மறைந்திருந்த இடைவெளியை, முன்னும் பின்னும் உள்ள புள்ளிகளை இணைக்கும் ஒரு வழவழப்பான வளைகோட்டால் நிரப்ப வேண்டும். அந்த அரை விநாடியில் ஆள் உண்மையில் விரலைச் சொடுக்கியிருக்கலாம், தோளை லேசாக உதறியிருக்கலாம். வளைகோட்டுக்கு அது தெரியாது. பதிவின் நடுவே இப்படி எத்தனையோ இடங்கள், அளந்ததுபோலத் தெரிந்தாலும் அளக்காதவை.

மறையாத மார்க்கரிலும் சிக்கல் உண்டு. அது ஒட்டியிருப்பது உடையில் அல்லது தோலில். கணக்குக்கு வேண்டியதோ எலும்பு. தொடையில் ஒட்டிய மார்க்கர், கால் தரையில் மோதும்போது சதையோடு சேர்ந்து அதிர்ந்து, எலும்பைவிட்டுச் சென்டிமீட்டர் கணக்கில் விலகும். உயிர்-இயக்கவியல் ஆய்வாளர்கள் இதை எப்படி அளந்தார்கள் தெரியுமா? தாமாக முன்வந்தவர்களின் எலும்பிலேயே, மரத்துப்போக ஊசி போட்டு, உலோக ஊசிகளைச் செருகி, அதன் மேல் மார்க்கர் வைத்து நடக்கச் சொன்னார்கள். தோல் மார்க்கர் சொன்னதும் எலும்பு மார்க்கர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை, குறிப்பாக முழங்கால் உள்ளே திரும்பும் சின்னச் சின்ன அசைவுகளில். வேறு யாருக்காகவோ வலி பொறுத்து நடந்த அந்தத் தன்னார்வலர்கள் இல்லாவிட்டால், இந்தப் பிழையின் அளவு நமக்குத் தெரிந்தே இருக்காது.

இப்போது பாதத்துக்கு வருவோம். பதிவு செய்த அசைவை வேறொரு உருவத்துக்கு மாற்றும்போது, வழக்கமாக மூட்டுகளின் கோணங்களை அப்படியே எடுத்துக் கொடுப்பார்கள். உருவத்தின் கால், நடிகரின் காலைவிட நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு முன்னே நகர்ந்த தூரம் நடிகருடையது. அதே கோணத்தில் கால் வீசிக் கடக்கும் தூரம் உருவத்துடையது. இரண்டுக்கும் இடையில் ஒத்துப்போகாத மிச்சம் எங்காவது வெளிப்பட்டாக வேண்டும். அது தரையில் வழுக்கலாக வெளிப்படுகிறது. சரி, பாதத்தைப் பிடித்து ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு முழங்காலை மீண்டும் கணக்கிட்டால்? கால் கிட்டத்தட்ட நேராக இருக்கும் நிலையில், பாதத்தைத் துளி நகர்த்தினாலும் முழங்கால் கோணம் சட்டென்று பெரிதாக மாறிவிடும். முட்டி வெடுக்கென்று துள்ளும். வழுக்கலைவிட அது மோசம்.

2002ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லூகாஸ் கோவார், ஜான் ஷ்ரைனர், மைக்கேல் கிளைக்கர் மூவரும் இதற்குத் துணிச்சலான ஒரு வழி சொன்னார்கள். எலும்பின் நீளத்தையே அந்தக் கணத்துக்கு மட்டும் கொஞ்சம் கூட்டிக் குறைத்துவிடலாம். உடற்கூறுப்படி பார்த்தால் இது நடக்கவே முடியாதது. பார்ப்பவருக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. இரண்டு ஆண்டு கழித்து, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்தே பார்த்தார்கள். கவனம் வேறு இடத்தில் இருந்தால், கை கால் நீளம் 20 சதவீதத்துக்கு மேல் மாறினாலும் ஆட்கள் கவனிக்கவில்லை. எலும்பு நீள்வதைக் கவனிக்காத கண், பாதம் ஓர் அங்குலம் நழுவுவதைக் கவனிக்கிறது. மெய்நிகர் மனிதர் மெய்யாகத் தெரிவதும், அவர் உடற்கூறுப்படி மெய்யாக இருப்பதும் வேறு வேறு வேலைகள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

உடம்பின் வடிவத்தை ஊகிக்கும் பக்கத்தில் பெரிய திருப்பம் 2015ல் வந்தது. ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் மேக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தின் மைக்கேல் பிளாக் குழு 'சிம்பிள்' என்று உச்சரிக்கும் உடல் மாதிரி ஒன்றை வெளியிட்டது. 6,890 முனைகள் கொண்ட ஒரு வலை. அதன் உடல்வாகை 10 எண்களும், நிற்கும் நிலையை 72 எண்களும் தீர்மானிக்கும். எண்ணை மாற்றினால் ஆள் ஒல்லியாவார், குள்ளமாவார், குனிவார். முழங்கையை மடக்கினால் சதை எப்படிப் புடைக்கும் என்பதையும் ஸ்கேன்களிலிருந்து அது கற்றிருந்தது. 2019ல் அதே வட்டாரத்திலிருந்து வந்த அமாஸ் என்ற தொகுப்பு, வெவ்வேறு ஆய்வகங்கள் வெவ்வேறு முறையில் பதிவு செய்த 15 தரவுத்தொகுப்புகளை இந்த ஒரே உடல்மொழிக்கு மாற்றியது. 40 மணி நேரத்துக்கு மேல் அசைவு, 300க்கும் மேற்பட்ட ஆட்கள். 'ஒருவர் குனிந்து பெட்டியைத் தூக்குகிறார்' என்று எழுதினால் அசைவை உருவாக்கித் தரும் இன்றைய நரம்பு வலைப்பின்னல்கள் (தரவிலிருந்து தானாகக் கற்கும் மென்பொருள்கள்) பலவும் இதை உண்டு வளர்ந்தவை.

ஆனால் அந்த 10 எண்கள் யாருடைய உடம்பிலிருந்து வந்தன? உடல்வாகைக் கற்றுக்கொடுத்தது சீசர் என்ற முப்பரிமாண உடல் அளவீட்டுத் திட்டம். அமெரிக்கா, கனடா, நெதர்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளில், 18 முதல் 65 வயதுக்குட்பட்ட ஆயிரக்கணக்கானோரை ஸ்கேன் செய்தது. உடை தைக்கவும் இருக்கை வடிவமைக்கவும் தொடங்கிய திட்டம் அது. குழந்தைகள் அதில் இல்லை, முதியவர்கள் இல்லை, உலகின் பெரும்பகுதி இல்லை. அசைவுத் தரவிலும் இதே கதை. படத்திலிருந்து உடல் நிலையைக் கணிக்கும் ஆராய்ச்சியில் ஆண்டுக்கணக்காக அளவுகோலாக இருந்த ஹியூமன் 3.6எம் தொகுப்பில் 36 லட்சம் உடல் நிலைகள் உண்டு. அத்தனையும் 11 நடிகர்கள் நடித்துக் காட்டியவை. ஊன்றுகோலோடு நடப்பவர், எட்டு மாதக் கர்ப்பிணி, பக்கவாதத்துக்குப் பின் ஒரு காலை இழுத்து நடப்பவர் போன்றவர்களின் அசைவை இப்படிக் கற்ற மென்பொருளிடம் கொடுத்தால், தனக்குத் தெரிந்த நடையை நோக்கித்தான் அது அவர்களைத் 'திருத்தும்'. இதைச் சின்னக் குறையாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் தியோடர் கிம் போன்றவர்கள் தோலையும் முடியையும் பற்றிச் சில ஆண்டுகளாக இதையேதான் கேட்டுவருகிறார்கள்: ஆய்வுக்கட்டுரையில் 'தோல்' என்று பொதுவாக எழுதிவிட்டு ஏன் வெளிர்தோலின் ஒளியியலை மட்டும் விவரிக்கிறீர்கள், 'முடி' என்று எழுதிவிட்டு ஏன் சுருளில்லாத நேர்முடியை மட்டும் கணக்கிடுகிறீர்கள்?

முகத்துக்கு வந்தால் பாதை கொஞ்சம் மாறுகிறது. 1970களின் தொடக்கத்தில் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் பார்க் கணினியில் முதல் முப்பரிமாண முக அசைவுகளைச் செய்து காட்டினார். 1978ல் பால் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும், ஸ்வீடன் உடற்கூறியலாளர் கார்ல்-ஹெர்மன் யோர்ட்ஷோவின் வேலையை அடியொற்றி, முக அசைவுகளைத் தசைவாரியாக எண்ணிட்டு ஒரு குறியீட்டு முறை வகுத்தார்கள். அதில் 12 என்றால் உதட்டோரம் மேலே ஏறுவது. 6 என்றால் கன்னம் உயர்ந்து கண்ணோரம் சுருங்குவது. வாய் மட்டும் சிரித்தால் 12. மனசார வரும் சிரிப்பில் 6ம் பெரும்பாலும் கூடவே வரும். உருவாக்கியது உளவியலாளர்கள் என்றாலும், இன்று டிஜிட்டல் முகம் செய்பவர்கள் கையாளும் முறைகள் பலவும் இந்தப் பிரிப்பின் வழிவந்தவை. தோலின் ஒளிக்கு 2001ல் ஹென்ரிக் வான் யென்சனும் கூட்டாளிகளும் ஒரு வழி கண்டார்கள். தோலில் பட்ட ஒளி மேலேயே பட்டுத் திரும்புவதில்லை, உள்ளே போய்ச் சிதறி வேறு இடத்தில் வெளியே வருகிறது. அதைக் கணக்கிட்டபோது பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருந்த முகங்களுக்கு உயிர்ச்சதையின் மென்மை வந்தது. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பால் டெபெவெக்கின் குழு, ஆளைச் சுற்றி விளக்குகளால் ஆன கோளம் அமைத்து, முகத்துத் துளைகள்வரை அளந்தது. 2008ல் ஒரு நடிகையின் முகத்தை அப்படிப் பதிவு செய்து உருவாக்கிய 'டிஜிட்டல் எமிலி'யை அசலிலிருந்து பிரித்தறிவது கடினமாக இருந்தது.

அந்த இடத்தில் பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, ஏனென்றால் தோல் மேம்பட்ட வேகத்தில் மற்றவை மேம்படவில்லை. ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970லேயே இதற்கு ஒரு வரைபடம் போட்டார்: ஓர் உருவம் மனிதரை நெருங்க நெருங்க நமக்குப் பிடித்துக்கொண்டே போகும், மிக நெருங்கிய ஓரிடத்தில் திடீரென்று அருவருப்பு தட்டும். அசைவு இருந்தால் அந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகும் என்றார். இந்த வரைபடத்தை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது அவருடைய உள்ளுணர்விலிருந்து வந்த ஊகம், சோதனையில் அளந்த கோடல்ல என்பதைப் பலர் சொல்வதில்லை. பின்னால் வந்த சோதனைகள் தரும் சித்திரம் அவ்வளவு சீரானது கிடையாது.

அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரியில் ரேச்சல் மெக்டானல் குழு 2012ல், ஒரே அசைவைக் கார்ட்டூனிலிருந்து மிக மெய்யான உருவம்வரை பல பாணிகளில் காட்டிக் கேட்டது. அசைவில் பெரிய பிசகு இருந்தபோது, மனிதத் தோற்றமுள்ள உருவங்களைவிடக் கார்ட்டூன் உருவங்களே இதமாக இருந்ததாக ஆட்கள் சொன்னார்கள். ஜெசிக்கா ஹாட்ஜின்ஸும் கூட்டாளிகளும் 2010ல் செய்த ஆய்வில், உடலசைவில் உள்ள பிழையைவிட முக அசைவில் உள்ள பிழை ஆட்களை அதிகம் தொந்தரவு செய்தது. கூட்டத்தில் நிலைமை வேறு. ஒரே தோற்றத்தைத் திரும்பத் திரும்ப வைத்தால் சட்டென்று கண்டுபிடிக்கிறார்கள், ஒரே நடையைத் திரும்ப வைத்தால் அவ்வளவாகக் கண்டுபிடிப்பதில்லை என்று 2008ல் டிரினிட்டி ஆய்வு ஒன்று காட்டியது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், மெய்த்தன்மையை ஒரே அளவுகோலில் கூட்டிக்கொண்டே போக முடியாது என்பது என் முடிவு. தோல் எந்த அளவுக்கு மெய்யாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு அசைவும் மெய்யாக இருக்க வேண்டும் என்று கண் கேட்கிறது.

துறைக்குள் நான் கவலையோடு பார்க்கும் இடம், பிழையை அளக்கும் முறை. உடல் நிலைக் கணிப்பில் ஆய்வுக்கட்டுரைகள் போட்டி போடும் எண், ஒவ்வொரு மூட்டும் சரியான இடத்திலிருந்து சராசரியாக எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் வழக்கமாக, இரு எலும்புக்கூடுகளின் இடுப்பையும் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒன்றின் மேல் ஒன்று பொருத்திவிட்டுத்தான் இதை அளப்பார்கள். ஆள் அறைக்குள் எங்கே இருக்கிறார் என்பதே அப்போது கணக்கிலிருந்து போய்விடுகிறது. பாதம் தரையில் எவ்வளவு வழுக்கினாலும் இந்த எண் பெரிதாக அசையாது. ஃபிரேமுக்கு ஃபிரேம் உருவம் நடுங்கினாலும் சராசரியில் அமுங்கிவிடும். கண் எதை முதலில் பிடிக்கிறதோ, அதை அளவுகோல் பார்ப்பதே இல்லை. இதை உணர்ந்த குழுக்கள் இப்போது வழி மாற்றுகின்றன. 2024ல் வெளியான வாம் என்ற முறை, சாதாரண வீடியோவிலிருந்தே எந்தக் கணத்தில் பாதம் தரையைத் தொடுகிறது என்பதையும் சேர்த்துக் கணித்து, ஆளை உலகத்தில் ஓரிடத்தில் நிறுத்தப் பார்க்கிறது. இன்னொரு பக்கம் 2018ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் சூ பின் பெங் உள்ளிட்டோர் செய்த டீப்மிமிக்கில், உருவத்துக்கு எடையும் மூட்டு விசையும் கொடுத்து, பதிவான அசைவைப் பின்பற்ற விழுந்து எழுந்து கற்கவைத்தார்கள். ஈர்ப்பும் உராய்வும் அந்த உலகத்தில் இருப்பதால் வழுக்குவதற்குக் காரணம் குறைகிறது.

இந்த நுணுக்கம் பொழுதுபோக்குக்கு மட்டும் வேண்டியது என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்டான்ஃபோர்டில் உருவான ஓப்பன்கேப் என்ற மென்பொருள், இரண்டு கைப்பேசிகளின் வீடியோவிலிருந்து மூட்டுக் கோணங்களையும் மூட்டின் மேல் விழும் விசையையும் கணிக்கிறது. முழங்கால் தேய்மானம் உள்ளவரின் நடையை மருத்துவர் அளப்பதற்கு இனி பெரிய ஆய்வகம் தேவைப்படாமல் போகலாம். அங்கே பிழை என்பது ரசனைக் குறைவு கிடையாது. ஒருவருக்கான சிகிச்சை முடிவு அது.

பதிவாகும் புள்ளிகள் இன்னொரு விதத்திலும் நம்மைக் காட்டிக்கொடுக்கின்றன. 2023ல் பெர்க்லியில் விவேக் நாயர் உள்ளிட்ட ஆய்வாளர்கள், மெய்நிகர் விளையாட்டு ஒன்றை ஆடிய 55,541 பேரின் தலை, இரு கை அசைவுகளை எடுத்துப் பார்த்தார்கள். மூன்றே புள்ளிகள். 100 விநாடி அசைவு கிடைத்தால், அத்தனை பேரில் அது யார் என்று 94 சதவீதத் துல்லியத்தோடு கண்டுபிடிக்க முடிந்தது. ஒரு முழு உடம்பை நம்பும்படி உருவாக்க 41 மார்க்கர் போதாமல் திணறும் நிலையில், ஆளை அடையாளம் காண மூன்று போதும். பொதுவில் கிடைக்கும் அசைவுத் தொகுப்புகளில் ஆட்களைப் பெயருக்குப் பதில் எண்ணால் குறிப்பது வழக்கம். நடையே கைரேகைபோல ஆகிவிட்ட பிறகு, அந்த எண் யாரையும் மறைப்பதில்லை. பதிவுக்கு வருபவர்களிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவங்கள், பெயர் வெளிவராது என்று உறுதி தருவதோடு நின்றுவிடாமல், அசைவைக் கொண்டே ஆளைக் கண்டுபிடிக்க முடியும் என்பதையும், அந்த அசைவைக் கொண்டு நாளை எதையெல்லாம் பயிற்றுவிக்கலாம் என்பதையும், தரவைத் திரும்பப் பெற வழி உண்டா என்பதையும் அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும்.